ஹனீபா நானாவுக்குச் செய்த ஐஸ்பழம்

1. அன்னாசி

பரீதா முதன்முதல் என் வீட்டுக் கேற்றைத் தட்டியபோது, நான் கடைக்கு அனுப்பவேண்டிய குச்சி வைத்த ஐஸ்பழங்களை அச்சிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தேன். சித்திரை வெயில். அச்சைத் தண்ணீருக்குள் சற்றுப் பிடித்தால் பழம் கழன்று வந்துவிடும். கூடப் பிடித்தால் உருகிவிடும். கைவேலையை விட முடியாமல் குசினிக்குள் இருந்தபடியே, "ஆரது?" என்று கேட்டேன்.

"அடுத்த ஒழுங்கைக்குப் புதிசா வந்திரிக்கம் அக்கா. இஞ்ச பழத்தில ஐஸ்பழம் செய்யிறெண்டு சொன்னாங்க. என்ட மனிசனுக்கு ஒண்டு வேணும்."

கிண்ணியாப் பேச்சு. ஐஸ்பழம் வாங்க வருகிறவர்கள் பிள்ளைக்கென்று கேட்பார்கள், இல்லாவிட்டால் தங்களுக்கென்று கேட்பார்கள். மனிசனுக்கென்று கேட்டு வந்தவள் இவள்தான். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனேன்.

அவளுடைய கணவர் ஹனீபா நானா கிண்ணியாவில் போட் எஞ்சின் திருத்துகிறவர். வாயில் புற்றுநோய். வெளியூரில் கதிர்வீச்சு வைத்து முடித்துவிட்டு, இப்போது இங்கே ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு முறையும் கிண்ணியாவிலிருந்து வந்துபோக அவரால் முடியாது என்பதால் எங்கள் லிங்கநகரில் ஒரு அறை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். கதிர் வைத்த வாய் முழுக்கப் புண். கஞ்சி இறங்காது. தண்ணீர் குடித்தாலும் முகம் சுருங்கும். அன்று காலை அவராகவே ஐஸ் கேட்டிருக்கிறார்.

அச்சில் அன்னாசிதான் இருந்தது. நல்ல பழம், சீனி கொஞ்சம், தேசிக்காய்ப் புளி கொஞ்சம். வெயிலுக்கு அதைவிட இதமானது இல்லையென்று நினைத்து இரண்டு கொடுத்துவிட்டேன்.

அடுத்த நாள் காலை அவள் மறுபடியும் வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"வாயில வெச்ச உடன சுவத்தில எறிஞ்சிட்டார் அக்கா. கண்ணால தண்ணி ஓடுது. என்னைய ஒரு பார்வ பார்த்தார். நான் வேணுமெண்டு செஞ்ச மாதிரி."

இந்தத் தொழிலுக்கு நான் வந்து அப்போதே பல வருஷம். இனிப்பு எவ்வளவு, புளிப்பு எவ்வளவு என்று நாக்கிலேயே கணக்கு வைத்திருந்தேன். புண்ணான நாக்கில் புளி என்ன செய்யும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

2. கிளினிக்

அடுத்த முறை மருந்து ஏற்றப் போனபோது நானும் கூடப் போனேன். பரீதா தனியே போய்க் கேட்கப் பயப்பட்டாள். நானும் அன்னாசி விஷயத்தால் நிம்மதியில்லாமல் இருந்தேன்.

ஹனீபா நானாவை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். எஞ்சின் தூக்கிய தோள்கள். சேர்ட் அதில் தொங்கிக்கொண்டு கிடந்தது. வாயை ஒரு லேஞ்சியால் பொத்தியிருந்தார். என்னைக் கண்டதும் தலையை ஒருமுறை அசைத்துவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

அங்கிருந்த நேர்ஸ் மிஸ்ஸி அவரைத் தராசில் ஏற்றிப் பார்த்துவிட்டுப் பரீதாவை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார்.

"இந்த முறை ஏத்துறம். இன்னும் நிறை இறங்கினால் டொக்டர் நிப்பாட்டிப்போடுவார். பிறகு மூக்கால குழாய் விட்டுத்தான் சாப்பாடு குடுக்கவேணும்."

அது அவருக்கும் கேட்டுவிட்டது. கையை ஓங்கி, இல்லை என்று வீசினார்.

"மிஸ்ஸி, ஐஸ்பழம் குடுக்கலாமோ?" என்று நான் கேட்டேன். அங்கே நின்ற சிலர் சிரித்தார்கள். மிஸ்ஸி சிரிக்கவில்லை.

"ஓம், குடுக்கலாம். குளிர் நோவைக் குறைக்கும். ஆனால் புளி ஏலாது. உப்பு, உறைப்பு ஏலாது. கொதிச்சு ஆறின தண்ணியில செய்யுங்கோ. பழத்தை நல்லாக் கழுவித் தோல் சீவுங்கோ. உருகினதைத் திருப்பி உறையவைச்சுக் குடுக்கக்கூடாது, இவருக்கு இப்ப கிருமியை எதிர்க்கிற சக்தி இல்லை. வெறும் பழத்தண்ணி காணாது, சத்து இருக்கவேணும்."

திரும்பும்போது ஓட்டோவை நிறுத்திப் பப்பாசியும் வாழைப்பழமும் வாங்கினேன்.

3. கடற்பாசி

கடைக்குச் செய்யும் பழம் வேறு, இது வேறு. கடைப் பழம் பார்வைக்கு நிறமாக, கல் மாதிரி இறுகி இருக்கவேண்டும். கடற்கரையில் கடை வைத்திருந்த முதலாளி எப்போதும், "கலர் காணாது ஸ்டெல்லா, கலர் காணாது" என்பார். ஹனீபா நானாவுக்குச் செய்வது மெதுவாக இருக்கவேண்டும், நார் இருக்கக்கூடாது, சத்து இருக்கவேண்டும்.

பப்பாசியும் வாழைப்பழமும் அடித்து, மெல்லிய துணியில் வடித்து, காய்ச்சிய பாலில் ஆஸ்பத்திரியில் சொன்ன சத்துமாவைக் கரைத்துச் சேர்த்தேன். உறைந்த பிறகு பார்த்தால் மா முழுக்க நுனியில் படிந்து கிடந்தது. நுனியில் மாக்கட்டி, மேலே வெறும் ஐஸ். இரண்டாம் முறை பாதி உறைந்தபோது எடுத்துக் கலக்கினேன். உள்ளே ஐஸ் ஊசி ஊசியாகப் பிடித்தது. புண்ணுக்கு அது ஆகாது.

மா படியாமல் இருக்க ஜெலட்டின் போடலாம் என்று பக்கற்றை எடுத்தேன். பக்கத்தில் நின்ற பரீதா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அக்கா, கோவிக்காதீங்க. இது எந்த மிருகத்தில எடுக்கிற?"

பக்கற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் போட்டிருக்கவில்லை. உள்ளே வைத்துவிட்டேன்.

"நோம்புக்கு எங்கட ஊட்ட கடப்பாசி காய்ச்சுவம். அத கொஞ்சமாப் போட்டா என்ன?" என்றாள்.

கடற்பாசியை நான் புடிங் மாதிரி வெட்டிச் சாப்பிட்டிருக்கிறேனே தவிர ஐஸ்பழத்தில் போட்டதில்லை. அவளே காய்ச்சினாள். கூடப்போனால் றப்பர் மாதிரி வந்தது, குறைந்தால் மா படிந்தது. பல தரம் செய்து ஒரு அளவுக்கு வந்தோம். உறைந்ததைக் கடித்துப் பார்த்தேன். பல் நோகாமல் இறங்கியது. உருகி வழியவும் இல்லை.

கொடுப்பதிலும் பிழை விட்டோம். குச்சி புண்ணில் பட்டுவிடும் என்று பயந்து, சின்னக் கட்டிகளாக உறையவைத்துக் கரண்டியால் கொடுத்தாள் பரீதா. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுபடியும் நீட்டினாள். கரண்டியைத் தட்டிவிட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் குச்சி வைத்த ஒன்றை எடுத்து, மேலே பூத்திருந்த வெள்ளைப் பனி மறையும்வரை பொறுத்திருந்தேன். பிரீசரிலிருந்து எடுத்த கையோடு கொடுத்தால் நாக்கில் ஒட்டித் தோலை உரித்துவிடும். பிறகு குச்சியை அவர் கையில் கொடுத்தேன். அவரே பிடித்து, அவரே வாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு மெதுமெதுவாகச் சாப்பிட்டார். மாதக்கணக்காக அந்த மனிதருக்கு எல்லாம் மற்றவர்கள்தான் ஊட்டினார்கள். குழந்தையைப்போல ஊட்டப்படுவது புண்ணைவிட நோகும் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

முடித்துவிட்டு ஒரு சொல் சொன்னார்.

"இறங்குது."

பரீதா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள்.

4. கரண்ட் போன நாள்

அடுத்த மருந்து ஏற்றுவதற்கு முதல் நாள். ஹனீபா நானாவின் பழங்கள் முடிந்துபோய், புதிதாகக் கரைத்து அச்சில் ஊற்றிப் பிரீசரில் வைத்தேன். அதே பிரீசரில் கடை முதலாளியின் ஓர்டர் நிறைந்து கிடந்தது. மறுநாள் பள்ளிக்கூட விடுமுறை தொடங்குகிறது, கடற்கரைக்குச் சனம் வரும். காலை பத்து மணிபோல ஒழுங்கை முனையில் ட்ரான்ஸ்போமர் வெடித்தது. நாளைக்குத்தான் கரண்ட் வருமென்று சொன்னார்கள். என்னுடையது பழைய பிரீசர், மூடியின் றப்பர் இளகியது. மத்தியானத்துக்குள் கடைப் பழங்களின் ஓரங்கள் கசியத் தொடங்கின. ஹனீபா நானாவுக்குக் கரைத்து ஊற்றியது இன்னும் உறையவே தொடங்கவில்லை.

ஓட்டோ பிடித்து மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனேன். அங்கே படகுகளுக்கு ஐஸ் கொடுக்கும் ராசன் அண்ணன் எனக்குத் தெரிந்தவர்.

"தங்கச்சி, போட் எல்லாம் கடலுக்கு இறங்குது. ஐஸ் இல்லாமல் அவங்கள் போக ஏலாது. ஒரு பெட்டிதான் தரலாம்."

ஒரு ரெஜிபோம் பெட்டி ஐஸோடு வீட்டுக்கு வந்தேன். கடையின் பழங்களை அதற்குள் அடுக்கினால் அவை நாளைவரை தாங்கும். அல்லது ஐஸை உடைத்துக் கல்லுப்புப் போட்டுக் குளிரைக் கூட்டி, ஹனீபா நானாவின் அச்சை அதற்குள் வைத்து உறையவைக்கலாம். இரண்டுக்கும் காணாது. கொல்லையில் பெட்டியை வைத்துவிட்டு நின்றேன். அந்த நேரம் பார்த்து முதலாளி போன் எடுத்தார்.

"ஸ்டெல்லா, கரண்ட் இல்லையாமே. நாளைக்குச் சாமான் வருமோ வராதோ, அதைச் சொல்லும்."

"ஏலாமல் போகலாம் முதலாளி. எங்கட ஒழுங்கையில ஒரு வருத்தக்காரர்..."

"எனக்கு அந்தக் கதை வேண்டாம். உம்மட சாமான் இல்லாட்டி நான் கொம்பனியில எடுப்பன். பிறகு என்னட்ட வரவேண்டாம்."

யோசிக்காமல் நல்லது செய்தேன் என்று எழுத எனக்கு மனமில்லை. நிறையவே யோசித்தேன். என் வெயில் பருவ வருமானத்தில் பாதிக்கு மேல் அந்தக் கடைதான். கடைசியில், கடைக்காரருக்கு வேறு இடம் இருக்கிறது, அந்த மனிதருக்கு இல்லை என்பது மட்டும்தான் மிஞ்சியது. பரீதாவைக் கூப்பிட்டேன்.

அவள் உலக்கையால் ஐஸை உடைத்தாள். நான் உப்பைத் தூவித் தூவி அச்சைச் சுற்றி அடைத்தேன். ஒரு சொட்டு உப்புத்தண்ணீர் உள்ளே போனாலும் புண் எரியும் என்று அச்சின் வாயைப் பொலித்தீனால் இறுக்கிக் கட்டியிருந்தோம். கை விறைத்துச் சிவந்தது. மாறி மாறி உலுப்பினோம், உருகிய தண்ணீரை வடித்தோம். பின்னேரம் அவள் ஒரு குச்சியை மெல்ல அசைத்துப் பார்த்துவிட்டு, "பிடிச்சிட்டு அக்கா" என்றாள்.

பிரீசரில் கிடந்த கடைப் பழங்களை வாளியில் போட்டுக் கிணற்றடி வாழைக்கு ஊற்றினேன்.

ஹனீபா நானா அன்று பின்னேரம் இரண்டு சாப்பிட்டார், காலையில் இன்னும் ஒன்று. தராசில் நிறை இறங்கியிருக்கவில்லை. மருந்து ஏற்றினார்கள். முதலாளி சொன்னபடியே செய்தார். அந்தப் பருவம் எனக்கு அதோடு முடிந்தது. அடுத்த வருஷம் பள்ளிக்கூடக் கன்ரீன்களைத் தேடிப் போய்த்தான் தொழிலைத் திரும்ப எடுத்தேன்.

5. கிண்ணியா

மருந்து முழுவதும் ஏற்றி முடித்துவிட்டு அவர்கள் ஊருக்குப் போனார்கள். அவர் சுகமாகிவிட்டார் என்று எழுதத்தான் விருப்பம். ஒரு வருஷத்துக்குச் சற்று மேல் இருந்தார். நோய் திரும்பி வந்தது. ஒரு மழைக்காலத்தில் மௌத்தாகிவிட்டார்.

பாலத்தைக் கடந்து பஸ்ஸில் போனேன். பரீதா இத்தாவில், கணவருக்காகத் துக்கம் காக்கும் மாதங்களில், வெள்ளை உடுத்து உள்ளறையில் இருந்தாள். எனக்குக் கதிரை போடச் சொன்னாள். நான் பாயில் அவள் பக்கத்தில் இருந்தேன். அவளே கதைத்தாள்.

"அக்கா, ஒண்டு கேக்கட்டா? நான் விடாம சாப்பிடுங்க சாப்பிடுங்கண்டு நிண்டு, அவர்ர வேதனைய நீட்டிட்டனோ?"

"எனக்குத் தெரியேல்லை பரீதா," என்றேன். அதுதான் உண்மை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வெளியே மழை. அவள் மறுபடியும் தொடங்கினாள். அவர் ஊரில் இருந்த அந்த ஒரு வருஷத்துக்குள் அவர்களுடைய மகளுக்கு நிக்காஹ் நடந்தது. பெண்ணின் வலியாக, அதாவது பொறுப்பாளராக, வாப்பாதான் மாப்பிள்ளையிடம் வார்த்தை சொல்லிக் கொடுக்கவேண்டும். வாய் ஏலாத மனிதர், அவருடைய தம்பி சொல்லட்டும் என்று எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள்.

"ஏலாண்டுட்டார் அக்கா. பள்ளியில அவ்வளவு சனத்துக்கு முன்னால, நிண்டு நிண்டு, ஒவ்வொரு சொல்லா அவரே சொன்னாராம். ஆரும் இருமக்கூட இல்லையாம். ஊட்ட வந்து மகள்ர தலையில கைய வெச்சார். அண்டைக்கு அவர்ர முகத்தப் பாத்திருக்கணும் நீங்க."

சொல்லும்போது அவள் அழவில்லை. எனக்குத்தான் முடியவில்லை.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் அளவுகள் கேட்கிறார்கள். பழம் இவ்வளவு, சீனி இவ்வளவு என்று சொல்லிக்கொடுக்கிறேன். நாம் செய்வது ஒருவரையும் சுகப்படுத்தாது. அதை டொக்டர்மார் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் இன்றைய நாளைத் தாண்ட ஒருவருக்குத் தொண்டையில் இறங்குகிற ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது. சிலவேளை அது நம் குசினியிலிருந்து போகிறது. இப்போதும் கிளினிக்கிலிருந்து ஆட்கள் கேற்றைத் தட்டுகிறார்கள். என்ன பழம் வேண்டும் என்று அவர்களை நான் முதலில் கேட்பதில்லை. வாயில் எந்த இடத்தில் நோகிறது என்று கேட்கிறேன்.