நீல நூல் உருவிய துணி

ஆபரேஷன் தியேட்டருக்குப் போகிற காயத்துணியில் ஒரு நீல நூல் ஓடும். வயிற்றுக்குள் துணியை மறந்து வைத்துத் தைத்துவிட்டால், எக்ஸ்ரேயில் அந்த நூல் காட்டிக்கொடுத்துவிடுமாம். இதை எனக்குச் சொன்னவள் என் சிநேகிதி. இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருந்தாள். பழுது என்று கழித்துப்போட்ட துணியைப் பை நிறைய அள்ளிவந்து என் கட்டிலில் கொட்டினாள். "ஏட்டி, கான்வாஸ் வாங்க வக்கில்லன்னு மூக்கச் சிந்துவியே, இதுல போட்டுப் பாரு."

அப்போது நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். துணியைக் கஞ்சியில் முக்கி, அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்து அதன்மேல் வரைந்தேன். நன்றாகத்தான் வந்தது. ஆனால் அந்த நீல நூல் மட்டும் படத்துக்குக் குறுக்கே துருத்திக்கொண்டு நின்றது. ஒட்டுவதற்கு முன்பே அதை உருவிவிடுவது அவள் வேலையாயிற்று. எனக்குப் பொறுமை கிடையாது. வெடுக்கென்று இழுப்பேன், பாதியில் அறுந்துபோகும். ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச்சுக்குப் போய்த் திரும்புவதற்குள் மடவார் வளாகத்தில் இருந்த தன் வீட்டிலிருந்து வந்து என் வாசலில் நிற்பாள். துணியை மடியில் பரப்பி, ஊர்க்கதை பேசிக்கொண்டே நூலை முழுசாக உருவிவிடுவாள். உருவின இடம் பிரியாமலிருக்க ஓரத்தில் பூக்கட்டுகிற முடிச்சு ஒன்று போடுவாள். படங்களைச் சென்னைக்குக் கொண்டுபோய் விற்றதும் அவள்தான். கேலரிக்காரர் முன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவள் இங்கிலீஷில் வெளுத்து வாங்குவாள்.

பிறகு எனக்கு வலது தோள் இறுகிப்போயிற்று. தலை சீவக்கூடக் கை எழும்பவில்லை. வருஷக்கணக்கில் பிரஷ்ஷைத் தொடவில்லை. "பழைய படம் கெடக்குல்ல, அத வச்சு ஓட்டிக்கிடுதேன்" என்றாள். நம்பினேன். அவளை நம்பாமல் வேறு யாரை நம்ப? சென்னையில் என் படங்களைக் கண்காட்சியாக வைத்திருக்கிறார்கள் என்று பேப்பரில் பார்த்துக் கிளம்பியபோது, "தோள்வலியோட அம்புட்டுத் தூரம் எதுக்குட்டி?" என்று தடுத்தாள். என்மேல் எவ்வளவு அக்கறை என்று உருகிப்போனேன். மடச்சி!

அங்கே சுவர் முழுக்க என் கையெழுத்து. பாதிக்கு மேல் நான் வரையாதவை. ஒரு படத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு அடியில் கழற்றிப்போட்ட ஒரு ஜோடிச் செருப்பு, கட்டிலில் ஆளில்லை. அதன் முன்னால்தான் கூட்டம். நானும் நின்றேன். என்னால் அப்படி வரைய முடியாது என்று அப்போதே தெரிந்தது, வயிறு எரிந்தது. யாரோ பட்டணத்துக்காரன் என் பெயரைத் திருடிவிட்டான், ஊருக்குப் போய்ச் சொன்னால் அவள் அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள் என்றுதான் முதலில் நினைத்தேன். படத்தைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். நீல நூல் முழுசாக உருவியிருந்தது. ஓரத்தில் பூ முடிச்சு. அடுத்த ரயிலைப் பிடித்தேன்.

ரயிலிலிருந்து இறங்கி நேரே அவள் வீட்டுக்குப் போனேன். அவள் மறைக்கவில்லை.

"உன் பேரு மங்கிரக் கூடாதுன்னுதான் மொதல்ல ஒண்ணு நானே வரஞ்சேன்."

"பொறவு?"

"அந்தச் செருப்பு முன்னால எம்புட்டுப் பேரு நின்னு பாத்தாக! என் பேரப் போட்டிருந்தா ஒருத்தி நிப்பாளா?"

"போட்டுப் பாத்திருக்கலாம்ல?"

"பேண்டேஜ் கம்பெனி சூப்பர்வைசர்னா?" என்று சிரித்தாள். "நீ வாயத் தொறக்காம இரு, அது போதும். உன்னோடதாவே இருந்துட்டுப் போகட்டும்."

அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது, அழுகையும் வருகிறது. ஆனால் என் கை தொடாததை என்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை. கேலரிக்காரரிடம் சொல்லிவிட்டேன், அவர் போலீசுக்குப் போனார். அவளுக்கு வேலை போயிற்று. ஜாமீனில் வந்தவள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்விட்டாள். திருப்பூரில் இருப்பதாகச் சொல்கிறார்கள். அவளுடைய செருப்புப் படம் போலி என்ற முத்திரையோடு கோர்ட்டில் எங்கோ கிடக்கிறது. அவள் வரைந்ததிலேயே ஆகச் சிறந்தது அது.

இப்போது தோள் தேவலை. போன மாதம் புதிதாக ஒன்று வரைந்து அனுப்பினேன். நூலை நானே உருவினேன். வழக்கம்போலப் பாதியில் அறுந்து, மிச்சம் துணிக்குள்ளேயே நின்றுவிட்டது. வேறு துணிக்கு எங்கே போக? அதன்மேலேயே வரைந்துவிட்டேன்.

நேற்று கேலரியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். மரியாதையாகத்தான் பேசினாள். "அம்மா, உங்க பழைய படம் எதுலயும் இந்த நீல நூல் இல்லையே. பின்னால அந்த முடிச்சும் இல்ல. தப்பா நினைக்காதீங்க, இது நீங்க வரைஞ்சதுதானா? உங்க வேலையைக் கூடவே இருந்து பார்த்தவங்க யாராவது இருந்தா, அவங்களை ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்களேன்."

"ஒருத்தி இருந்தா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.