சிவபாதம் ஒட்டிய அறிவித்தல்

கொழும்பு வெள்ளவத்தையில் இருபத்திரண்டு வருடமாக வெளிநாட்டுக் காசு மாற்றிக் கொடுக்கிற சிவபாதசுந்தரத்துக்கு நல்ல மனுசன் என்று பெயர். பொய்யில்லை. ஆனால் எதிரே ஃபோன் கடை வைத்திருக்கிற டிலக்ஷியைக் கண்டால் மட்டும் அந்த நல்ல மனுசனுக்கு வயிறு பற்றி எரியும்.

எரியாதா பின்னே? இவர் அனுமதிப் பத்திரம் எடுத்து, வருகிறவர்களின் அடையாள அட்டையைக் கொப்பி எடுத்து, பரிசோதகர் வந்தால் எழுந்து நின்று பதில் சொல்கிறவர். அவளுக்கு அந்த இழவெல்லாம் இல்லை. வெளிநாட்டிலிருக்கிற பிள்ளைகள் பெற்றோரின் ஃபோனுக்கு அனுப்புகிற டிஜிட்டல் டொலரை, ஒரு டொலருக்கு ஒன்றென்று தனியார் கொம்பனிகள் வெளியிடும் நாணயத்தை, வாங்கிக்கொண்டு ரூபாயைக் கொடுக்கிறாள். கடை நிறைய ஆள். லண்டன் மகன் கொடுத்துவிடும் பவுண்ஸை இவரிடமே மாற்றிவந்த சரோஜினிதேவி டீச்சரும் ஒருநாள் அங்கே நின்றார். அன்று சிவபாதத்துக்குச் சோறு இறங்கவில்லை. நிரந்தர வாடிக்கை என்று மிஞ்சியிருந்தவரே அவர்தான்.

அந்த டொலரின் குட்டை உடைக்கிறேன் பார் என்று ஒரு கிழமை முழுக்க அதைப் பற்றி வாசித்தார். அறிவித்தல் எழுதிக் கண்ணாடியில் ஒட்டினார். கோபத்திலும் மனுசன் நேர்மையாக எழுதித் தொலைத்தார். இந்த நாணயத்தை வெளியிடும் கொம்பனிகளுக்கு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சட்டம் வந்திருக்கிறது, ஒவ்வொரு நாணயத்துக்கும் ஈடான பெறுமதியைக் கையிருப்பில் வைக்கவேண்டும், கணக்கை வெளிப்படுத்த வேண்டும் என்று கொட்டை எழுத்தில். ‘இங்கே வாங்கி விற்கும் கடைகளை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது’ என்ற வரி, இடம் போதாமல், அடியில் பொடி எழுத்தில்.

மூன்றாம் நாள் டீச்சர் வந்தார். சிவபாதத்துக்கு முகமெல்லாம் பல்.

“வாங்கோ டீச்சர்! வாசிச்சனீங்களோ?”

“ஓம் தம்பி. அந்தப் பிள்ளையிட்ட ஒருக்கா மாத்திப் பாத்தனான், பயமாத்தான் இருந்தது. நீங்களே சட்டம் இருக்கெண்டு எழுதினாப் பிறகு என்ன? மகனை இனி எல்லாத்தையும் அதில அனுப்பச் சொல்லிப்போட்டன்.”

“ஐயோ டீச்சர்! சட்டம் கொம்பனிக்குத்தான். இவளுக்கில்லை! நாளைக்கு இவள் கடையைப் பூட்டினால் ஆரிட்டப் போய்க் கேப்பியள்?”

டீச்சர் அவரை இரக்கத்தோடு பார்த்தார்.

“எழுதேக்க எவ்வளவு நிதானமா எழுதினீங்கள் தம்பி. இப்ப பொறாமையில கதைக்கிறீங்கள்.”

பொறாமைதான். ஆனால் சொன்னது பொய்யுமில்லை. டீச்சர் குடையை விரித்துக்கொண்டு டிலக்ஷியின் கடைக்கு வீதியைக் கடந்தார்.