அம்மாவின் ஈரக்கை

போன வாரம் என் மகளின் பள்ளியிலிருந்து புது வருஷத்துக்கான படிவம் வந்தது. ரத்த வகை, தடுப்பூசி எல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் "ஒவ்வாமை ஏதேனும் உண்டா? விவரமாக எழுதவும்" என்று போட்டு, எழுதுவதற்கு மூன்று கோடு விட்டிருந்தார்கள். மூன்று கோடு! நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் ஒரு கோடு கூடக் கிடையாது. அந்த வேலையை அம்மாதான் வாயாலேயே செய்து முடித்தாள். என் மகளுக்கு ஆகாதது என்று ஒன்றும் இல்லை. நண்டு கிடைத்தால் ஒரு கட்டு கட்டுவாள். "இல்லை" என்று எழுதிப் பேனாவை மூடினேன். மூடிய பிறகும் எழுந்திருக்க மனம் வரவில்லை. அம்மா போய் நாலு வருஷமாகிறது. அவளிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லாமலே விட்டுவிட்டேன்.

எங்கள் ஊர் கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் ஒரு குப்பம். அப்பா கடலுக்குப் போவார். அம்மா கரையில் ஏலம் எடுத்து விற்பாள். மற்ற பெண்கள் சங்கரா, நெத்திலி என்று அகப்பட்டதை எடுப்பார்கள். அம்மா எடுப்பது இறால் மட்டும்தான். கரையிலேயே உட்கார்ந்து தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, அன்னக்கூடையில் ஏந்திப் போய் ரோட்டோரத்தில் விற்பாள். அவள் உரிக்கிற வேகத்தைப் பார்க்கவே காரை நிறுத்துகிறவர்கள் உண்டு. அப்படிப்பட்டவள் வயிற்றில்தான் நான் வந்து பிறந்தேன், இறால் ஆகாதவளாக. கடவுளுக்கும் சில சமயம் பொழுது போகாது போலிருக்கிறது.

சின்ன வயதில் இறால் தின்றால் உதடு அரிக்கும். சூட்டு உடம்பு என்று சொல்லி விளக்கெண்ணெய் தேய்த்து விட்டுவிடுவார்கள். ஐந்தாம் வகுப்பு முடிந்த கோடையில் ஒரு கல்யாணப் பந்தியில் இறால் தொக்கை இரண்டு முறை கேட்டு வாங்கித் தின்றேன். கை கழுவ எழுந்தபோது முகம் வீங்கிவிட்டது. மூச்சு இழுக்க முடியவில்லை. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இரண்டு நாள் படுக்கை. கிளம்பும் அன்று டாக்டர் அம்மாவை மட்டும் உள்ளே கூப்பிட்டு வெகுநேரம் பேசினார். என்னை வராந்தாவில் ஒரு பன்னோடு உட்கார வைத்திருந்தார்கள். பன் நன்றாக இருந்தது. உள்ளே என்ன பேசினார்கள் என்று நான் காது கொடுக்கவில்லை.

அன்றிலிருந்து அம்மா வேறு ஆளாகிவிட்டாள். அதற்கு முன்பெல்லாம் மதியம் அவள் தெருமுனையில் தெரிந்ததும் ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொள்வேன். "எருமமாடு மாதிரி வளந்துகினு இன்னாடி இது" என்று திட்டிக்கொண்டே என்னையும் இழுத்துக்கொண்டு நடப்பாள். இப்போது நான் ஓடினால் பத்தடி தூரத்திலேயே, "கிட்ட வராத! அங்கியே நில்லு!" என்று கத்தினாள். நேரே கொல்லைப்புறம் போய்க் குளித்துவிட்டு வந்தாள். குளித்து வந்த பிறகும் என் தலையைத் தடவக் கையை நீட்டுவாள், எதையோ நினைத்துக்கொண்டு மடக்கிக்கொள்வாள். வீட்டில் இறால் சமைப்பது நின்றது. எனக்கென்று தனித் தட்டு, தனி லோட்டா வந்தது. "ஊருக்கெல்லாம் இறால் வித்துட்டு, நம்ம வூட்ல மட்டும் ரசமா?" என்று அப்பா கேலி செய்வார். அம்மா சிரிக்க மாட்டாள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் படுத்தி எடுத்ததில் அம்மாவுக்கு என் மேல் வெறுப்பு வந்துவிட்டது என்று நானே முடிவு செய்துகொண்டேன். பத்து வயதில் முடிவு செய்வதற்கு வேறு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. குப்பத்துச் சின்னப் பள்ளிக்கூடத்தை விட்டு ரோட்டு மேலிருந்த பெரிய பள்ளிக்கூடம். எனக்குப் புதுப் பையும் வேண்டாம், புதுச் செருப்பும் வேண்டாம். முதல் நாள் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்குள் நுழைய வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. அதை அப்பாவிடம் சொல்லி வைத்தேன். அவர் அம்மாவிடம் சொன்னாரோ இல்லையோ. அன்று பார்த்து வலை கரைக்கு வர நேரமாகிவிட்டது. அம்மா ஏலத்திலிருந்து அப்படியே அன்னக்கூடையும் இடுப்புமாக வந்து சேர்ந்தாள். ஆறடி தள்ளித் தள்ளியே நடந்தாள். கேட்டருகே எல்லாப் பிள்ளைகளும் அம்மாக்களின் கையில் தொங்கிக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. எட்டிப் பிடிக்கப் போனேன். அம்மா கூடையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டாள். "ஏய், தொடாத! நட நட!"

அத்தனை பேர் முன்னால். ஐயோ, எனக்கு எப்படி இருந்திருக்கும்! இன்றைக்கு நினைத்தாலும் காது சூடாகிறது.

வகுப்பு டீச்சர் செங்கல்பட்டிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். மொடமொடவென்று கஞ்சி போட்ட புடவை, கனமான கண்ணாடி. அம்மா வகுப்பு வாசற்படியைத் தாண்டவில்லை. வெளியில் நின்றபடியே எல்லார் காதிலும் விழுகிற மாதிரி பேசினாள். கடற்கரையில் அலைக்கு மேல் பேசிப் பழகிய குரல் அது.

"டீச்சர், எம் பொண்ணுக்கு இறால் ஆவாது, நண்டு ஆவாது. தெரியாம துன்னுட்டா மூச்சு நின்னுபூடும். டாக்டர் எழுதின சீட்டு, மாத்திர எல்லாம் அவ பையில கீது. உதடு தடிச்சிதுன்னா மாத்திரயக் குடுத்துட்டு நேரா ஆஸ்பத்திரி. எனக்குச் சொல்லி அனுப்பிகினு நிக்காதீங்க. மொதல்ல ஊசி, அப்பால நானு."

"சரிம்மா, நான் பாத்துக்கறேன்" என்றார் டீச்சர். சும்மா சொல்லவில்லை. சீட்டைப் படித்துவிட்டு மேஜை இழுப்பறைக்குள் போடாமல் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டினார். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் வகுப்பே வரிசையில் நின்று சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும் என்றார். யாரும் எனக்கு எதையும் கொடுக்கக் கூடாது, நான் யாரிடமும் வாங்கக் கூடாது, மதியம் என் இடம் டீச்சர் மேஜையோரம் என்று சட்டம் போட்டார். இரண்டாவது நாளே எனக்கு "இறாலு" என்று பெயர் வைத்துவிட்டார்கள். வருகைப் பதிவேட்டைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் நான் இறாலுதான்.

மேஜையோரத்தில் தனியாகத் தின்கிற தயிர்சோறு தொண்டையில் இறங்காது. பெஞ்சில் எல்லாரும் டிபன் டப்பா மூடிகளை மாற்றி மாற்றிச் சாப்பிடுவார்கள். வீட்டில் அம்மா தொட மாட்டாள், இங்கே ஒருத்தரும் ஒரு கவளம் தர மாட்டார்கள். ஏங்கிப் போயிருந்தேன்.

பக்கத்துக் குப்பத்துப் பெண் ஒருத்தி என்னோடு சிநேகமாக இருந்தாள். என் கதையைத் தன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு நாள், டீச்சர் கை கழுவுகிற வரிசையைப் பார்க்கப் போன சமயம், சிநேகிதி ஒரு குட்டி டப்பாவை என் மடியில் வைத்தாள்.

"உனுக்கோசரம் எங்கம்மா தனியா செஞ்சுது. வெறும் கத்திரிக்கா. இறாலே இல்ல, சாமி சத்தியமா."

எனக்கோசரம்! ஒரு மாதமாக யாரும் எனக்கென்று எதையும் நீட்டியதில்லை. டப்பாவை வழித்துத் தின்றேன். இன்னும் கொஞ்சம் கிடைக்காதா என்றுதான் இருந்தது. மூடி போடுவதற்குள் உதடு குறுகுறுத்தது. கண் இமை கனத்தது. திரும்பி வந்த டீச்சர் என் முகத்தைப் பார்த்தார், சுவரிலிருந்த சீட்டைப் பார்த்தார். மாத்திரையை வாயில் போட்டு, என்னைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி, போகிற ஷேர் ஆட்டோவை மறித்தார். என் சிநேகிதியும் அழுதுகொண்டே ஏறிவிட்டாள்.

"அதுல இன்னாடி போட்டாங்க?" என்று கேட்டார். பதற்றத்தில் டீச்சருக்கும் எங்கள் பேச்சு வந்துவிட்டது.

"ஒண்ணுமே போடல மிஸ். சென்னாக்குனி மட்டும்தான்."

சென்னாக்குனி என்றால் பொடிப் பொடியாக இருக்கிற இறால். வெயிலில் காயவைத்து டப்பாவில் போட்டு வைத்திருப்பார்கள். எங்கள் பக்கத்தில் கத்திரிக்காயானாலும் கீரையானாலும் ருசிக்கு ஒரு பிடி அள்ளிப் போடுவார்கள். அதை மீனென்றோ இறாலென்றோ ஒருத்தரும் எண்ணுவதில்லை. உப்பு, பெருங்காயம் மாதிரி அது ஒரு சாமான். அந்த அம்மா பொய் சொல்லவில்லை. எங்கள் அம்மாவே டீச்சரிடம் சொன்னபோது அதை விட்டுவிட்டாளே! அப்பாவுக்கு அதன் வாடை பிடிக்காது என்பதால் எங்கள் வீட்டில் வாங்குவதில்லை. அவளுக்கு நினைவே வரவில்லை.

"அதுவும் இறால் ஜாதிதானேடி!" என்று டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ரோட்டு மேலேயே இருந்த சின்ன ஆஸ்பத்திரியில் நுழைந்ததுமே ஊசி போட்டுவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் மூச்சு சரியாக வந்தது. கட்டிலில் படுத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா வந்தாள். கரையிலிருந்து ஓடி வந்திருக்கிறாள். புடவை முழங்கால் வரை நனைந்து, முந்தானையில் இறால் ஓடு ஒட்டிக்கொண்டிருந்தது. நான் இரண்டு கைகளையும் நீட்டி "அம்மா" என்றேன். அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"ஊசி போட்டாச்சா?" என்று நர்ஸைக் கேட்டாள். போட்டாச்சு என்றதும் அடுத்த கேள்வி: "சோப்பு எங்க கீது?"

அறை மூலையில் ஒரு குழாய் இருந்தது. எனக்கு முதுகைக் காட்டி நின்று கழுவ ஆரம்பித்தாள். விரல், மணிக்கட்டு, முழங்கை. மறுபடி சோப்பு, மறுபடி முதலிலிருந்து. நான் நீட்டிய கை வலித்துப் போய்த் தானே கீழே விழுந்தது. சாகப் பிழைக்கக் கிடக்கிறேன், இவளுக்குக் கை கழுவுவது பெரிதாகப் போய்விட்டதா என்று சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டேன்.

பன்னிரண்டாவது முடித்து டி.சி. வாங்கப் போன அன்றுதான் அந்த ஆறாம் வகுப்பு டீச்சர் சொன்னார். இறால் தொட்ட கையால் பிள்ளைக்குச் சோறு போடாதீர்கள் என்றுதான் டாக்டர் சொல்லியிருக்கிறார். அம்மா அதை எல்லாவற்றுக்குமாக எடுத்துக்கொண்டாள். பள்ளி திறந்த அன்று சாயங்காலம் டீச்சரைத் தனியாகப் பார்த்து, "எத்தினி வாட்டி கழுவுனா புள்ளயத் தொடலாம் டீச்சர்?" என்று கேட்டாளாம். ஒரு தடவை சோப்பு போட்டால் போதும் என்று இவர் சொன்னதை அவள் நம்பவில்லை. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று டீச்சர் கேட்டதற்கு, "எங் கையே அதுக்கு விஷம்னு அதுங்கிட்ட எப்டி டீச்சர் சொல்றது?" என்றாளாம்.

அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் பேச வாயெடுத்தேன். அவள் ஏதோ வேலையாக இருந்தாள். எங்கள் வீட்டில் இப்படியெல்லாம் பேசிக்கொள்கிற வழக்கமும் இல்லை. அப்புறம் சொல்லலாம் என்று விட்டேன். அப்புறமும் விட்டேன்.

சொல்ல வேண்டியிருந்தது இவ்வளவுதான். அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் நான் தூங்கவில்லை. குழாய் நின்ற சத்தம் கேட்டது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தது தெரிந்தது. நெற்றியில் ஒரு கை படிந்தது. சில்லென்று, ஈரமாக, சோப்பு வாசனையோடு. மூன்று மாதமாக அந்தக் கைக்குத்தான் ஏங்கிக் கிடந்தேன். கோபத்தில் அதைப் பிடித்துத் தள்ளிவிட்டேன்.

அம்மா மெல்ல எழுந்து போனாள். குழாயை மறுபடி திறக்கும் சத்தம் கேட்டது.