மேடையில் என் பெயர்

எங்கள் தேயிலைத் தோட்டத்துத் திருவிழாவில் தேர் சுற்றிய மறுநாள் மதியம் பாட்டுக் கச்சேரி நடக்கும். வேண்டிய பாட்டை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, பெயரையும், குடியிருக்கும் வரிசை வீடான லயத்தையும் போட்டு மேடைக்குக் கொடுத்தால், இன்ன லயத்து இன்னார் விரும்பிக் கேட்ட பாடல் என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டுப் பாடுவார்கள். துண்டு கொடுப்பதெல்லாம் ஆண்கள். பெண்களுக்குப் பிடித்த பாட்டும் அண்ணன் பெயரிலோ புருஷன் பெயரிலோதான் போகும். கூடாது என்று யாரும் சொன்னதில்லை. எந்தப் பெண்ணும் செய்ததுமில்லை.

இந்த வருடம் வந்தது பதுளைப் பையன்களின் இசைக்குழு. பள்ளியில் உயர்தரம் படித்த காலத்திலிருந்தே நான் அவர்களுடைய ரசிகை. திருவிழாக்களில் சினிமாப் பாட்டுத்தான் பாடுவார்கள் என்றாலும் சொந்தமாகவும் சில பாட்டுகள் வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்று, கொழுந்து நிறுக்கும் இடத்தில் தராசு முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்கும் ஒரு பெண்ணைப் பற்றியது. மகள் பிறந்து தூக்கமில்லாமல் கிடந்த மாதங்களில் போனில் அதைத்தான் மெல்ல ஓடவிட்டுக்கொண்டிருப்பேன். அதை ஒருமுறை என் பெயரில் கேட்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

எழுதிய முதல் துண்டைக் கிழித்துவிட்டேன். நான் முன்பள்ளி ஆசிரியை. பிள்ளைகளின் பெற்றோர் என்ன நினைப்பார்கள்? அத்தை முகத்தில் எப்படி விழிப்பது? பிறகு இன்னொன்று எழுதி, யோசிப்பதற்குள் கொடுத்தனுப்பினேன்.

அறிவிப்புச் செய்தவர் என் கணவரின் சித்தப்பா. துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கணவரின் பெயரை வாசித்தார்.

கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார். திருவிழாவுக்கு லீவு கிடைக்கவில்லை. பெண்கள் உட்கார்ந்திருந்த மேட்டில் என் பக்கத்திலிருந்த அத்தை சட்டென்று எழுந்தார்.

"வந்துட்டானா? எங்கிட்ட சொல்லவே இல்லயே."

கூட்டத்தில் மகனைத் தேட ஆரம்பித்துவிட்டார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பாட்டுக் கேட்கப் பறந்து வந்திருப்பான் என்று யாரோ கேலி செய்தார்கள். நானும் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். வழக்கமாக அப்படித்தான் இருப்பேன். அன்று மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு இறங்கினேன். மேடைக்கு முன்னால் ஆடுவதற்கு நின்ற ஆண்கள், பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து வழிவிட்டார்கள்.

"சின்ன மாமா, அதுல எம் பேருதான் எழுதியிருந்தேன்."

அவர் மைக்கைக் கையால் பொத்தினார். "தெரியும்மா. ஒன் நல்லதுக்குத்தான் மாத்திப் படிச்சேன். நாளைக்கு நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க."

"பேசட்டும் மாமா. கேட்டது நான்தானே."

பாடகர் கிட்டாரோடு காத்திருந்தார். அக்கா பேரைச் சொல்லுங்கள், பாடிவிடுகிறோம் என்றார். மாமா தொண்டையைச் செருமி, என் பெயரையும் லயத்தையும் வாய்க்குள்ளேயே முணுமுணுத்தார். மேட்டிலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள்.

"கேக்கல மாமா, சத்தமா சொல்லுங்க."

இரண்டாவது முறை தோட்டம் முழுக்கக் கேட்டது.

பாட்டுத் தொடங்கியதும் ஒலிபெருக்கிச் சத்தம் மகளின் காதுக்கு ஆகாதே என்ற பயம் வந்தது. அவள் ஒரு காதை என் தோளில் அழுத்தி, மற்றதைக் கையால் பொத்திக்கொண்டு கொஞ்சம் தள்ளிப்போனேன். மேட்டுக்குத் திரும்பவில்லை. ஆண்கள் நடுவிலேயே நின்று கடைசி வரி வரை கூடப் பாடினேன்.

நாங்கள் லயத்துக்கு வந்து சேருவதற்குள் செய்தி கொழும்புக்குப் போய்விட்டது. கணவர் போன் எடுத்துக் கூப்பிட்டார். அத்தை அடுப்பங்கரைக் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"எம் பேருல இருந்தா என்னா? நீ வேற, நான் வேறயா?"

"நீங்க அந்தப் பாட்ட ஒரு தடவயாச்சும் கேட்டிருக்கீங்களா?"

கோபித்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. ஒவ்வொரு சண்டையையும் நான் அப்படித்தான் முடித்து வைப்பேன்.

"அடுத்த வருசமும் எழுதுவேன்" என்றேன்.