பிரவீனா சொன்ன சிவப்பு

பலராமனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். இரண்டுமே ஒரு மங்கலான பழுப்பாகத்தான் அவன் கண்ணுக்குத் தெரியும். ஐடிஐ முடித்த கையோடு ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் சேரப் போனபோதுதான் அவனுக்கே அது தெரிந்தது. மெடிக்கலில் வண்ணப் புள்ளிகள் நிறைந்த அட்டையைக் காட்டி என்ன நம்பர் என்று கேட்டார்கள். அவனுக்குப் புள்ளிகள் மட்டுமே தெரிந்தன. பெயிண்ட் ஷாப்புக்கு எடுத்திருந்தவனைத் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்புக்கு மாற்றிவிட்டார்கள். ஏன் மாற்றினார்கள் என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை.

பிரவீனா அந்த பெயிண்ட் ஷாப்பில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தாள். வெள்ளை விளக்குகளுக்குக் கீழே கார் பம்பரை நிறுத்தி, மாதிரித் தகட்டோடு ஒட்டிப் பார்த்து, ஷேடு மாறியிருந்தால் ஓரமாகத் தள்ளச் சொல்லுவாள். தண்டலத்தில் கம்பெனி பஸ் ஏறுவாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஆரம்பித்த பேச்சு கல்யாணத்தில் முடிந்தது. பென்னலூரில் மாடி வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்தார்கள். குழந்தை தங்கவில்லை. ஒரு கட்டத்துக்கு மேல் இருவருமே அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

ஒருமுறை தண்டலத்துக் கல்லூரி ஒன்றில் ஊர் மக்களுக்கு டெலஸ்கோப்பில் வானம் காட்டினார்கள். பிரவீனாதான் அவனை இழுத்துக்கொண்டு போனாள். சனிக் கிரகத்தின் வளையத்தைப் பார்த்துவிட்டு வந்தவன் மறுபடி மறுபடி அதையே பேசினான். அங்கே ரகுபதி என்பவர் பழக்கமானார். வானத்தைப் படமெடுக்கும் ஒரு குழுவை நடத்திக்கொண்டிருந்தவர். அவர் மூலமாகவே ஒரு சின்ன டெலஸ்கோப்பும், யாரோ பயன்படுத்திய கறுப்பு வெள்ளை கேமராவும் பலராமனுக்குக் கிடைத்தன.

அந்த கேமராவுக்கு நிறம் தெரியாது. அதன் முன்னால் சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடி வடிகட்டிகள் பதித்த ஒரு சக்கரம் உண்டு. சிவப்பு வடிகட்டி வழியாக ஒரே இடத்தைப் பல முறை எடுக்க வேண்டும். பிறகு பச்சை, பிறகு நீலம். வருவதெல்லாம் சாம்பல் நிறப் படங்கள்தான். ஒவ்வொரு வடிகட்டியில் எடுத்ததையும் தனித்தனியாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிச் சுத்தம் செய்து, கடைசியில் மூன்றையும் கம்ப்யூட்டரில் சேர்த்தால் வானத்தின் நிறம் எழும்பி வரும். பலராமனுக்கு இந்த வேலை ரொம்பப் பிடித்துப்போனது. சாம்பல் நிறத்தைப் பார்ப்பதில் அவன் யாருக்கும் குறைந்தவன் இல்லை.

முதல் முறையாக ஓரியன் நெபுலா என்கிற வாயு மேகத்தை எடுத்தான். பிரவீனா ஷிப்டுக்குப் போயிருந்த நேரத்தில் மூன்றையும் தானே சேர்த்துக் குழுவின் வாட்ஸப்பில் போட்டுவிட்டான். "இன்னா தலைவா, வேப்பிலை அரைச்சு ஊத்திட்டியா?" என்று ஒருவர் எழுதினார். அதன்கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான்.

பிரவீனா வந்து படத்தைப் பார்த்தாள். "பச்சை ஏறி நிக்குதுய்யா."

"எனக்குப் பச்சை, செவப்பு தெரியாது பிரவீ. பொறவியிலேர்ந்தே."

"எனக்குத் தெரியும்."

"எப்டி?"

"காயையெல்லாம் பழம்னு பொறுக்கினு வர்றியே, தக்காளி வாங்கச் சொன்னா. அப்பவே தெரியும். நீயா சொல்லுவேன்னு பாத்தேன்." சேரை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எதை இழுத்தா பச்சை கொறையும், காட்டு."

அன்றிலிருந்து எடுப்பது அவன், நிறம் பார்ப்பது அவள் என்றானது. கூட்டு, குறை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவள் இல்லை பிரவீனா. சேர்த்து முடித்ததும் அவனுக்கு விவரமாகச் சொல்லுவாள். "நடுவுல மாதுளம் முத்து மாதிரி கீது. தோல் இல்ல, முத்து. ஓரத்துல வர வர, வெத்தல போட்டுக் கழுவின வாய் மாதிரி வெளுத்துப் போவுது." பலராமன் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். மாதுளம் முத்தின் நிறம் அவனுக்குத் தெரியாது. ஆனால் அதன் ஈரமும் வழவழப்பும் தெரியும். அது போதுமானதாக இருந்தது. அவர்களுடைய படங்களைக் குழுவில் எல்லோரும் பாராட்ட ஆரம்பித்தார்கள். ரகுபதி ஒருமுறை போன் செய்து, "கலர் ரொம்பப் பதமா வருதுப்பா, எப்டி பண்றே?" என்றார். "வூட்ல பாத்துக்குறாங்கண்ணே" என்றான். அதைச் சொல்லும்போது அவனுக்கு அவ்வளவு பெருமை.

ஒரு வருஷம் மழைக்காலம் முடிகிற சமயத்தில் பிரவீனாவுக்கு வயிறு உப்பிக்கொண்டே இருந்தது. கேஸ் ட்ரபிள் என்று நினைத்து அவளே மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கும் போய்க்கொண்டிருந்தாள். சென்னையில் ஸ்கேன் எடுத்தபோது கருப்பையைத் தாண்டிப் புற்று பரவியிருந்தது. டாக்டர் அதைச் சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார். பலராமன்தான் அதை எடுத்துக் குடித்தான்.

மருந்து ஏற்றிய வாரங்களில் அவளால் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. உடம்பு கொஞ்சம் தேறுகிற நாட்களில், பொழுது சாய்ந்ததும் மாடிக்குக் கூட்டிப்போகச் சொல்லுவாள். பாயில் போர்வையோடு படுத்துக்கொள்வாள். தெற்கே ஒரகடத்துக் கம்பெனிகளின் வெளிச்சம் அடிவானத்தை வெளுக்க வைத்திருக்கும். தலைக்கு நேர் மேலே மட்டும் கொஞ்சம் இருட்டு. அந்த இருட்டில் ரோசெட் என்கிற வாயு மேகம் ஒன்றை அந்த மாசியில் அவன் எடுத்துக்கொண்டிருந்தான்.

"இன்னிக்கு எது?" என்று கேட்பாள்.

"சிவப்பு."

மறுநாள் முடிந்தால் பச்சை. முடியாவிட்டால் அவள் மறுபடி எழுந்து மாடியேறும் வரைக்கும் அவனும் ஏறமாட்டான். கடைசியாக ஒருநாள் நீலமும் முடிந்தது. மூன்று சாம்பல் நிறப் படங்களும் தயாராக இருந்தன. சேர்க்க வேண்டியதுதான் பாக்கி.

ஆனால் ஸ்கிரீனைப் பார்த்தாலே அவளுக்கு வாந்தி வந்தது. "கொஞ்சம் தெம்பு வரட்டும்யா. இப்ப பாத்தா தப்பா சொல்லிடுவேன். எங்க ஷாப்லயே ஒடம்பு சரியில்லன்னா ஷேடு பாக்க உடமாட்டாங்க" என்றாள். அவன் சரி என்றான். பிறகு அவள் கேட்கவும் இல்லை, அவன் எடுத்துக் காட்டவும் இல்லை. படம் சேர்ந்துவிட்டால் எல்லாமே முடிந்துபோகும் என்பதுபோல ஒரு பயம் அவனுக்கு. ஆனியில் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டாள். அப்போது அவன் கீழே மருந்துக் கடை வரிசையில் நின்றிருந்தான்.

காரியமெல்லாம் முடிந்து பிரஸ் ஷாப்புக்குத் திரும்பினான். சாப்பாடு, தூக்கம், ஷிப்ட். லேப்டாப்பைத் தொடவில்லை. ரகுபதி போன் செய்தால் எடுக்கவில்லை. ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளியே அடைமழை, என்ன தோன்றியதோ, உட்கார்ந்து அந்த மூன்று படங்களையும் திறந்தான். நட்சத்திரங்களின் நிறக் கணக்கை வைத்துத் தானாகவே சமன் செய்கிற வசதி அந்த மென்பொருளில் உண்டு. பிரவீனா இருந்தவரை அதற்குத் தேவை வந்ததில்லை. இப்போது அதை ஓடவிட்டான். எண்கள் எல்லாம் சரியாக வந்தன. ஸ்கிரீனில் அவனுக்குப் பழுப்பாக ஒரு வட்டம் தெரிந்தது.

அன்று சாயங்காலம் பிரவீனாவின் தங்கை கங்கா குழம்பு எடுத்துக்கொண்டு வந்தாள். வாரா வாரம் வருவாள். அவளைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"அய்யோ மாமா, சூப்பரா கீது!"

"இன்னா கலர்?"

"செவப்பு மாமா."

"எந்த மாதிரி செவப்பு?"

அவள் மறுபடி பார்த்தாள். "நல்ல செவப்பு மாமா."

"இல்ல கங்கா. எது மாதிரி கீது? ஏதாவது ஒன்னு சொல்லு."

கங்கா ஸ்கிரீன் அருகே குனிந்தாள். "லிப்ஸ்டிக் மாதிரி" என்று ஆரம்பித்து, "இல்ல, அதுவும் இல்ல" என்று நிறுத்தினாள். திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தான். அக்கா நிறம் சொல்ல, மாமா இப்படிக் கண்ணை மூடிக் கேட்பதை அவள் பார்த்திருக்கிறாள். அப்போதுதான் அவன் என்ன கேட்கிறான் என்பது அவளுக்கு விளங்கியது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "எனக்கு அக்கா மாதிரி சொல்ல வரல மாமா. பாக்குறேன், வாயில வரமாட்டேங்குது."

"அழாத. நீ சொன்னது தப்பில்ல. செவப்புதானே, அது செவப்புதான்" என்றான். எழுந்து போய் அவளுக்கு டீ போட்டான். சர்க்கரை போட மறந்துவிட்டான். அவளும் கேட்காமல் குடித்தாள்.

போகும்போது அந்தப் படம் தனக்கு வேண்டும் என்று கேட்டாள். ஸ்ரீபெரும்புதூரில் பெரிதாக பிரிண்ட் போட்டு, கண்ணாடி வைத்து அவனே கொண்டுபோய்க் கொடுத்தான். அவள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்க்கிறார்கள். பொங்கலுக்குப் போயிருந்தபோது கங்காவின் மாமனார், "நீங்க எடுத்ததா தம்பி? என்னா கலரு!" என்றார். "ஆமாங்க" என்றான்.

தை பிறந்து வானம் தெளிந்ததும் ரகுபதி விடாமல் கூப்பிட்டார். ஒருவழியாகப் போனை எடுத்தான்.

"படம் எடுக்குறியா இல்லியாப்பா?"

"எடுக்குறேண்ணே. செவப்பு வடிகட்டி மட்டும் போட்டு எடுக்குறேன்."

"பச்சை, நீலம்?"

"இல்லண்ணே. கறுப்பு வெள்ளையாவே விட்டுடறேன். அது எனக்கே தெரியுது."

"அதுவும் நல்லாத்தான் இருக்கும், அனுப்பு" என்றார் ரகுபதி. போனை வைத்துவிட்டு, இருட்டுவதற்குள் கேமராவை மாட்டிவிடலாம் என்று பலராமன் மாடிக்கு ஏறினான்.