ஃப்ரிட்ஜைத் தவிர

மந்தைவெளியில் வசிக்கிறோம். இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் தினமும் இன்சுலின் போட வேண்டும்.

கோடை விடுமுறையில் மின்சாரம் சேமிக்கச் சொல்லி அவள் பள்ளியில் ஓர் அட்டவணை கொடுத்திருந்தார்கள். ஒவ்வொன்றாகச் செய்து டிக் அடிக்க வேண்டும். பத்து நாள் பயணமாகக் கோயம்புத்தூர் கிளம்பிய அன்று, 'ஊருக்குப் போகும்போது எல்லாவற்றையும் அணைக்கவும்' என்ற கடைசி வரியையும் விடக் கூடாதென்று அவளைத் தூக்கிப் பிடித்தேன். அவளே மெயின் சுவிட்சை அணைத்தாள். பாலையும் காய்களையும் முன்பே காலி செய்திருந்தேன். போட்டுக்கொண்டிருந்த இன்சுலினைக் கையோடு எடுத்துக்கொண்டேன்; பயணத்தில் வெயில் படுமே என்று, பிரிக்காததை மட்டும் ஃப்ரிட்ஜிலேயே வைத்திருந்தேன்.

திரும்பியதும் அதைத்தான் பிரித்துப் போட்டேன். இரண்டு நாளாகச் சர்க்கரை இறங்கவில்லை. குழந்தை தண்ணீர் கேட்டுக் கேட்டுத் துவண்டாள். ஊரில் தின்ற பலகாரம்தான் காரணமென்று அவளையே கடிந்துகொண்டேன்.

"மருந்த எங்கம்மா வெச்சிருந்தீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"ஃப்ரிட்ஜ்லதான் டாக்டர்."

மடியிலிருந்த மகள் சொன்னாள், "நாங்க மெயினையே ஆஃப் பண்ணிட்டுதான போனோம். நான் டிக் கூட அடிச்சேனே."

பூட்டிய வீட்டின் கோடைச் சூட்டில் மருந்து வீரியம் இழந்திருக்கும் என்று மட்டும் டாக்டர் சொன்னார்; திட்டவில்லை. அதுதான் அதிகம் வலித்தது. புது மருந்து போட்டதும் சாயங்காலத்துக்குள் சர்க்கரை இறங்கத் தொடங்கியது.

இப்போது ஊருக்குப் போகும்போது ஒவ்வொரு சுவிட்சாக அணைக்கிறேன். ஃப்ரிட்ஜ் மட்டும் ஓடுகிறது. ஃப்ரீசரில் ஒரு கிண்ணம் ஐஸ், அதன்மேல் ஒரு நாணயம் வைக்கிறேன். திரும்பி வரும்போது நாணயம் உள்ளே இறங்கியிருந்தால் நெடுநேரம் கரண்ட் இல்லை என்று பொருள். அந்த மருந்தைத் தொட மாட்டேன்.

அட்டவணையின் கடைசி வரியில் 'ஃப்ரிட்ஜைத் தவிர' என்று எழுதிச் சேர்த்தேன். அவள் அடித்த டிக்கை அழிக்கவில்லை.