பிரஸ் வளைந்த பக்கம்

எங்கள் காமிக்ஸின் முதல் அத்தியாயம் திருமழிசைத் தொழிற்பேட்டையில், காலை ஷிப்டில் தொடங்கியது. கதை என்னுடையது என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன். பாதிப் பொய்.

நான் தெற்கேயிருந்து ஐ.டி. வேலைக்கு வந்து நசரத்பேட்டையில் குடியேறியவன். படம் வரைந்த நண்பன் திருமழிசைக்காரன், ஸ்டிக்கர் கடையில் வேலை. வண்டிக்கு நம்பர் ஒட்டப் போன இடத்தில்தான் பழக்கம். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் அவன் பென்சிலால் வரைந்திருந்த ஒரு பெண்ணின் கையைப் பார்த்து அசந்துபோனேன். மூன்றே விரல்கள்.

"எங்க அக்கா கை மச்சான். கம்பெனில தகடு அடிக்கிற பிரஸ் மிஷின்ல மாட்டிக்கிச்சு," என்றான்.

அந்தக் கையிலிருந்துதான் எங்கள் நாயகி பிறந்தாள். கதையில் அவள் கைமேல் பிரஸ் இறங்குகிறது. கை நசுங்கவில்லை, மிஷின் வளைகிறது. சூப்பர்வைசர் வாய் பிளந்து நிற்கிறான். எட்டு மாதம், ஞாயிறுதோறும் அவன் வீட்டு மாடியில் உட்கார்ந்து இருபத்திரண்டு பக்கம் முடித்தோம். டீ கொண்டுவரும் அக்கா, "எனுக்கு மூக்கு இவ்ளோ பெர்சாவா கீது?" என்று தம்பியின் தலையில் தட்டுவாள்.

பக்கங்களை அனுப்பிவைத்ததில் ஒரு பதிப்பகம் கூப்பிட்டது. அவனுக்கு அன்று லீவு கிடைக்கவில்லை; நான் மட்டும் போனேன். ஆசிரியர் மரியாதையாகத்தான் பேசினார்.

"கதை பிரமாதம் சார். ஆனா ஃபேக்டரி, அடிபட்ட பொம்பளைன்னா பசங்க வாங்க மாட்டாங்க. காலேஜ் பையன், லேப்ல விபத்துன்னு மாத்துங்க. படம் வரைய எங்க ஆள் இருக்கார்."

அவனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கலாம். அட்டையில் என் பெயர் வரும் என்ற நினைப்பில், "சரி" என்றேன்.

புத்தகம் வந்ததும் எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். இரண்டு பக்கம் பார்த்துவிட்டுக் கீழே வைத்தான். அக்கா மட்டும் கடைசிவரை புரட்டினாள்.

"இதுல நான் எங்க தம்பி கீறேன்?"

என்னைக் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தேடினாள்.

"என்னாண்ட ஒரு வார்த்த கேட்டியா?" என்றான் அவன். "கேட்டா வேணாம்னு சொல்லுவேன்னு உனுக்குத் தெரியும். அதான் கேக்கல."

அது உண்மை. புத்தகத்தை அங்கேயே விட்டுப் படியிறங்கினேன். அதன்பிறகு அவன் என் போனை எடுக்கவில்லை.

நான் மேலும் ஐந்து அத்தியாயம் எழுதிவிட்டேன். காலேஜ் பையன் பறக்கிறான், சண்டை போடுகிறான். அந்த முகம் எனக்கே மனதில் நிற்பதில்லை. என் நண்பனோ ஆவடியில் கதை எழுதும் ஒரு டீச்சரோடு சேர்ந்து, பழைய நாயகியை முதல் பக்கத்திலிருந்து திரும்ப வரைகிறானாம். நன்றாக வரட்டும் என்று நினைக்கப் பார்க்கிறேன். முடியவில்லை. வயிறு எரிகிறது.